பேட்டரி போய்விட்டது, பேனலையும் கழற்ற வேண்டுமா?

கேள்வி: ஐயா, 11 ஆண்டுகளுக்கு முன் எங்கள் மொட்டைமாடியில் 300 வாட் சோலார் பேனல் 10 வைத்தோம். பேனல் கரண்டை பேட்டரியில் ஏற்றத் தனியாக ஒரு 60 ஆம்ப் பி.டபிள்யூ.எம். சார்ஜ் கன்ட்ரோலர், 5 கே.வி.ஏ. இன்வெர்ட்டர், 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் பேட்டரி 8. பேட்டரிகள் நான்கு நான்காக இரண்டு வரிசை, மொத்தம் 48 வோல்ட். முதல் செட் பேட்டரி ஆறு ஆண்டு உழைத்தது. இரண்டாவது செட்டுக்கு இன்னும் ஐந்து ஆண்டுகூட ஆகவில்லை, இரவு பத்து மணிக்கே இன்வெர்ட்டர் கத்திவிட்டு அணைந்துவிடுகிறது. தண்ணீரும் முன்னைவிட அடிக்கடி ஊற்ற வேண்டியிருக்கிறது. வந்து பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். இன்னொருவர் மோசமான இரண்டு பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும் என்கிறார். என் தம்பி மகன், பழைய பேட்டரியோடு ஒரு லித்தியம் பேட்டரியைச் சேர்த்து, கூடவே 550 வாட் பேனல் நான்கு வாங்கலாம் என்கிறான். எங்கள் செலவு நாளுக்குச் சுமார் 8 யூனிட், அதில் 5 யூனிட் இருட்டிய பிறகு. லைன் கரண்டை நம்ப முடியாது. அம்மாவின் இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருப்பதால்தான் இந்தக் கவலை. பேட்டரிகள் மாடிப்படிக்குக் கீழே அலமாரியில் இருக்கின்றன. இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை மாற்ற டியூபுலர், எஸ்.எம்.எஃப். (தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத மூடிய வகை) என்று இரண்டே நிலைகள்தான். எதை முதலில் மாற்றுவது?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

மூன்று பேர் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். மூன்றுமே என்ன வாங்கலாம் என்பதைப் பற்றித்தான். யாராவது ஒரு மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு பேட்டரியாக, ஒவ்வொரு பேனலாக அளந்து பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அந்த வேலை முடியும் வரை எதையும் வாங்காதீர்கள். எதையும் கழற்றவும் வேண்டாம்.

முதலில் பேனலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுதான் அநியாயமாகக் குப்பைக்குப் போகவிருக்கிறது. படிகச் சிலிக்கான் பேனல் ஆண்டுக்கு அரை சதவீதத்திலிருந்து முக்கால் சதவீதம் வரைதான் திறன் இழக்கும். 11 ஆண்டில் உங்களுடைய 3 கிலோவாட் 2.75 கிலோவாட்டை ஒட்டி இறங்கியிருக்கும், அவ்வளவுதான். சுவிட்சர்லாந்தின் லுகானோ நகரில் 1982-ல் நிறுவிய 10 கிலோவாட் நிலையம் ஒன்று உண்டு. 35 ஆண்டு கழித்து அளந்தபோதும் அதன் பேனல்களில் பெரும்பகுதி தொடக்கத் திறனில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுத்துக்கொண்டிருந்தது. உங்கள் மாடியில் இருப்பவை அந்தக் கணக்கில் நடுவயதைக்கூட எட்டவில்லை. பேனலில் ஏதோ தனிக் கோளாறு இருந்தால் ஒழிய, வயதைக் காரணம் காட்டி அதைக் கழற்றச் சொல்வதை நான் ஏற்க மாட்டேன்.

அப்படியானால் பத்து மணிக்கு ஏன் இருட்டு? பேட்டரி தளர்ந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. 8 பேட்டரியும் புதிதாக இருந்தபோது காகிதக் கணக்கில் 14.4 யூனிட். டியூபுலர் என்பது ஈய அமில பேட்டரி, அதன் ஆயுளைக் காப்பாற்ற அதில் பாதியைத்தான் தினமும் எடுக்கலாம், அதாவது 7 யூனிட் சொச்சம். உங்கள் இரவுத் தேவை 5 யூனிட் என்பதால் முதல் சில ஆண்டுகள் சுகமாகப் போயிருக்கும். இப்போது பத்து மணிக்கே நிற்கிறது என்றால் இருப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போயிருக்கலாம்.

ஆனால் என்னை உறுத்துவது வேறு ஒன்று. முதல் செட் ஆறு ஆண்டு, இரண்டாவது ஐந்துக்கும் குறைவு. அதே வீடு, அதே பேனல். இரண்டாவது செட் சீக்கிரம் போனதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணம் இன்னும் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் மூன்றாவது செட்டை வைத்தால் அதற்கும் இதே கதி. லித்தியம் வைத்தாலும்தான்.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். ஒரு வீட்டில் உங்களைப் போலவே இரண்டு வரிசை பேட்டரி. மூன்று முறை செட் மாற்றியிருந்தார்கள். நான் போனபோது கேபிளைச் சுற்றி மாட்டிக் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை முதல் வரிசையில் மாட்டினேன், 30 ஆம்ப் ஓடியது. இரண்டாவது வரிசையில் 4 ஆம்ப். இரண்டையும் இணைக்கும் கேபிளின் நுனியில் லக் (கேபிளை பேட்டரியில் முடுக்கும் உலோக முனை) பச்சை பூத்து உள்ளே அரித்துப் போயிருந்தது. ஒரு வரிசை மட்டுமே எல்லாப் பாரத்தையும் சுமந்து சீக்கிரம் செத்திருக்கிறது, இன்னொன்று நல்லபடியாக இருந்தும் சேர்த்துத் தூக்கி எறியப்பட்டிருக்கிறது. ஒரு லக்குக்காக மூன்று செட் பேட்டரி. அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் கிளாம்ப் மீட்டரைத்தான் முதலில் எடுக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் இதைப் பாருங்கள். இன்வெர்ட்டருக்குப் போகும் பாசிட்டிவ் கேபிள் ஒரு வரிசையிலும் நெகட்டிவ் கேபிள் மற்ற வரிசையிலும் குறுக்காக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டுமே ஒரே வரிசையிலிருந்து எடுத்திருந்தால் அந்த வரிசை எப்போதும் கூடுதலாக உழைக்கும்.

இரண்டாவது சந்தேகம் சூடு. பேட்டரி ஆயுளைத் தயாரிப்பாளர்கள் 25 டிகிரியில் கணக்கிடுகிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். மாடிப்படிக்குக் கீழே மூடிய அலமாரி, காற்றோட்டம் இல்லை. அங்கே ஒரு தெர்மாமீட்டரை ஒரு நாள் முழுக்க வைத்துப் பிற்பகலில் எடுத்துப் பாருங்கள். சூடு ஏறினால் சார்ஜ் வோல்ட்டும் குறைய வேண்டும். 25 டிகிரியில் 57.6 வோல்ட் சரி என்றால், 40 டிகிரியில் 56 வோல்ட்டை ஒட்டியே போதும். கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்கு ஒரு சிறிய வெப்ப சென்சார் ஒயர் வரும். அது இல்லையென்றாலோ கழன்று தொங்கினாலோ, கன்ட்ரோலர் சூட்டைப் பற்றிக் கவலைப்படாமல் அதே 57.6-ஐத் தள்ளிக்கொண்டே இருக்கும். தண்ணீர் கொதிப்பது போலக் குமிழி விட்டு வற்றும். நீங்கள் அடிக்கடி தண்ணீர் ஊற்றுவதாக எழுதியது இதற்குப் பொருந்துகிறது. வயதான பேட்டரியும் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும் என்பதும் உண்மை, அதனால் தெர்மாமீட்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவது, மரம். 11 ஆண்டில் பேனல் வளரவில்லை, சுற்றியுள்ள மரங்கள் வளர்ந்திருக்கும். பக்கத்தில் மாடி எழும்பியிருக்கலாம், தண்ணீர்த் தொட்டி புதிதாக வந்திருக்கலாம். மாலை மூன்று மணிக்குப் பேனல் ஒன்றின் ஓரத்தில் விழும் சின்ன நிழல்கூட அந்தப் பேனலில் மூன்றில் ஒரு பங்கை நிறுத்திவிடும். பேட்டரி நிறைவதற்கு அந்தக் கடைசி இரண்டு மணி நேரம்தான் மிக முக்கியம். தினமும் 85 சதவீதத்தோடு நின்று, ஒரு நாளும் முழுதாக நிறையாத ஈய அமில பேட்டரியின் தகட்டில் சல்பேட் இறுகிப் படியும். அப்புறம் அதைக் கரைக்க முடியாது. காலை 9, நண்பகல், மாலை 3, மாலை 4 என்று மாடிக்குப் போய் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். கிளையை வெட்டிவிடுவதில் தீர்கிற விஷயமாகவும் இருக்கலாம்.

சரி, அளப்பது எப்படி? நல்ல வெயில் உள்ள இரண்டு நாள் போதும். பேட்டரியை முழுதாக ஏற்றி, பேனலையும் லோடையும் துண்டித்து, ஐந்தாறு மணி நேரம் ஓய்வு கொடுங்கள். பிறகு 8 பேட்டரியையும் தனித்தனியாக அளந்து எழுதுங்கள். 12.6-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் 12.1 என்றால் அது தளர்ந்தது, 10.5 அருகே நின்றால் அதில் ஒரு செல் போய்விட்டது. அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இருந்தால் செல் செல்லாக எடுங்கள். ஒரே பேட்டரிக்குள் செல்லுக்குச் செல் 0.030-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அதை நம்ப வேண்டாம். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள், அலமாரியைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் காற்று போகவிடுங்கள். ஈய அமில பேட்டரி ஹைட்ரஜன் வாயு விடும், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

அதன்பின் ஒரு 600 வாட் லோடை விடாமல் ஓடவிட்டு, 46 வோல்ட் வரும்வரை எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். ஆரோக்கியமான இந்த அளவு பேட்டரி பத்து மணி நேரத்தையாவது தாண்டும். மூன்று மணி நேரத்திலேயே விழுந்தால் உங்களிடம் மிச்சம் இருப்பது 2 யூனிட்தான். இந்தச் சோதனை ஓடும்போதே இரண்டு வரிசையிலும் கிளாம்ப் மீட்டரை மாட்டி ஆம்ப் பார்த்துக்கொள்ளுங்கள், டி.சி. அளக்கும் வகையாக இருக்க வேண்டும்.

பேனலைக் கழுவித் துடைத்த பிறகு அளங்கள். 300 வாட் பேனல் பெரும்பாலும் 72 செல் வகை, இரண்டிரண்டாகச் சேர்த்து ஐந்து ஜோடி போட்டிருப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். ஜோடிக்கு ஜோடி ஆம்ப் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் அந்த ஜோடியைப் பிரித்துத் தனித்தனியாக வோல்ட் எடுங்கள். வெயிலில் சூடான பேனல் 40 வோல்ட் சொச்சம் காட்டும். அதற்குப் பதில் 27, 28 காட்டினால் உள்ளே ஒரு பைபாஸ் டையோடு (நிழல் விழுந்த பகுதியைச் சுற்றிக் கரண்டை அனுப்பும் பாகம்) போயிருக்கிறது, பல பேனல்களில் பின்பக்கப் பெட்டியைத் திறந்து மாற்றக்கூடிய சின்னப் பொருள் அது. கண்ணாடிக்குள் லேசான பழுப்பு நிறம் ஏறியிருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் பின்பக்க வெள்ளைத் தாள் விரிசல் விட்டிருந்தாலோ, தொட்டால் கையில் மாவு போல ஒட்டினாலோ அந்தப் பேனலை எனக்காகத் தனியே குறித்து வையுங்கள். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தயாரான சில பேனல்களில் பின்தாள் சீக்கிரம் வெடித்தது. விரிசல் வழியே ஈரம் போனால் கரண்ட் அடிக்கும். அந்தப் பேனல் முழு வாட் கொடுத்தாலும் மாற்றத்தான் வேண்டும். கனெக்டர்களையும் தடவிப் பாருங்கள். இரண்டு வெவ்வேறு தயாரிப்பின் கனெக்டர்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்தாலும் உள்ளே தொடர்பு சரியாக அமையாது, சூடேறி உருகும், மாடியில் தீப்பிடிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனி உங்களுக்குக் கிடைத்த யோசனைகள். இரண்டு பேட்டரியை மட்டும் மாற்றுவது வேண்டாம். ஒரே வரிசையில் நான்கு பேட்டரி வழியாகவும் ஒரே அளவு கரண்ட்தான் ஓடும். கிழப் பேட்டரியின் கொள்ளளவு குறைவு, சீக்கிரம் நிறைந்து அதன் வோல்ட் ஏறிவிடும். கன்ட்ரோலர் மொத்த வோல்ட்டைத்தான் பார்க்கும், 57.6 வந்ததும் கரண்டைக் குறைத்துவிடும். புதியது பாதியில் நிற்கும். இரவில் இறங்கும்போது கிழப் பேட்டரி முதலில் காலியாகி, மற்றவை அதன் வழியே கரண்டைத் தள்ளும். ஓர் ஆண்டுக்குள் புதியதும் பழையதைப் போலாகிவிடும்.

தம்பி மகனின் யோசனையில் பாதி சரி. லித்தியத்துக்குப் போகும் நேரம்தான் இது. பழையதோடு சேர்ப்பதுதான் தப்பு. 16 செல் கொண்ட லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நிறைந்தபின் ஓய்வில் ஏறக்குறைய 53 வோல்ட்டில் நிற்கும். ஈய அமில பேட்டரி 51-ஐ ஒட்டி. இரண்டையும் நேராகக் கட்டினால் லித்தியம் தன் சக்தியை இரவும் பகலும் பழைய பேட்டரிக்குள் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஈய அமிலத்துக்கு ஈக்வலைஸ் சார்ஜ் (செல்களைச் சமப்படுத்த அவ்வப்போது கொடுக்கும் கூடுதல் சார்ஜ்) 60 வோல்ட் வரை போகும். லித்தியத்தைக் காக்கும் பி.எம்.எஸ். சர்க்யூட் 58 வோல்ட் தாண்டியதும் துண்டித்துக்கொள்ளும். கணக்குப் போட்டு இப்படிச் சேர்த்து நடத்துகிறவர்கள் உண்டு, ஆனால் தளர்ந்துபோன பேட்டரியோடு செய்தால் புதியதன் உழைப்பைப் பழையது தின்றுவிடும்.

எனவே 8 பேட்டரிக்கும் ஓய்வு கொடுத்துவிட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு மாறுங்கள். லித்தியத்திலேயே பல வேதிவகை உண்டு. வீட்டுக்குள் வைக்க நான் இந்த வகையைத்தான் சொல்வேன், தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடேற இதற்கு மற்றவற்றைவிட அதிக வெப்பம் வேண்டும். மின்வண்டியிலிருந்து கழற்றிய பழைய செல்களை மலிவாகக் கொடுக்கிறோம் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அளவு? இரவுக்கு 5 யூனிட், இன்வெர்ட்டர் இழப்போடு 6. அடியில் 20 சதவீதம் விட்டுவைத்தால் 7.5. மேகமான நாளுக்குக் கொஞ்சம் கையிருப்பு வேண்டும். 51.2 வோல்ட் 100 ஏ.ஹெச். மாட்யூல் இரண்டு, ஒவ்வொன்றும் 5.12 யூனிட். 200 ஏ.ஹெச். ஒன்றாகவே கிடைக்கும், இருந்தாலும் உங்கள் வீட்டுக்கு இரண்டு மாட்யூல்தான் சரி. ஒன்றில் கோளாறு வந்தால் மற்றது ஃப்ரிட்ஜை ஓட்டும். இன்னொரு காரணமும் உண்டு. 4 கிலோவாட் லோடுக்கு 48 வோல்ட்டில் 90 ஆம்ப் போல இழுக்கும், மோட்டார் கிளம்பும் நொடியில் இன்னும் அதிகம். ஒரே 100 ஆம்ப் மாட்யூல் என்றால் பி.எம்.எஸ். பொறுக்காமல் அணைத்துவிடும்.

வாங்கும்போது ஐ.இ.சி. 62619 என்ற பாதுகாப்புத் தரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். உங்கள் இன்வெர்ட்டர் மாடலின் பெயர் பேட்டரித் தயாரிப்பாளரின் பொருத்தப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இன்வெர்ட்டர் என்றதும் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். பலர் லித்தியம் வாங்கிப் பழைய இன்வெர்ட்டரில் மாட்டுகிறார்கள், சோலார் கன்ட்ரோலரில் மட்டும் வோல்ட்டை மாற்றிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். வீட்டில் இருப்பது ஒரு சார்ஜர் அல்ல, இரண்டு. லைன் கரண்ட் வரும்போது இன்வெர்ட்டரும் தன் பங்குக்கு பேட்டரியை ஏற்றும், அதுவும் டியூபுலருக்கு உரிய வோல்ட்டில். உங்களுடையதில் டியூபுலர், எஸ்.எம்.எஃப். தவிர வேறு நிலை இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். லித்தியத்துக்கு 16 செல்லுக்கு மொத்தம் 56 வோல்ட், நிறைந்தபின் 54, ஈக்வலைஸ் கூடவே கூடாது, வெப்பத்துக்கு ஏற்ப வோல்ட் மாற்றுவதும் கூடாது, இறங்கும்போது 48-ல் நிறுத்த வேண்டும். இந்த எண்களைப் பேட்டரியோடு வரும் கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், மாறினால் கையேடு சொல்வதே சரி. இதையெல்லாம் உங்கள் பழைய இன்வெர்ட்டரால் செய்ய முடியாது. 11 ஆண்டு ஓடியதில் அதன் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளும் காய்ந்து வயதாகியிருக்கும். அதனால் பேட்டரியோடு இன்வெர்ட்டரையும் சேர்த்து மாற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பேனலின் முழுத் திறனையும் தேடி எடுக்கும் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் உள்ளேயே இருக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டராக, சோலார் நுழைவு இரண்டு உள்ளதாக எடுங்கள். அப்போது பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலரும் வெளியேறும். அது பேனலின் வோல்ட்டை இழுத்துப் பேட்டரி வோல்ட்டுக்குக் கொண்டுவந்துவிடும். குளிர்ந்த நாளில் 72 வோல்ட்டில் நின்று உழைக்க வேண்டிய ஜோடியை 54-ல் நிற்க வைக்கும், நான்கில் ஒரு பங்கு வீண். வெயிலில் பேனல் சூடாகி அதன் வோல்ட்டே இறங்கிவிடுவதால் இழப்பு 10, 15 சதவீதமாகக் குறையும். எம்.பி.பி.டி. அந்த மிச்ச வோல்ட்டை ஆம்பாக மாற்றிக் கொடுத்துவிடும். புதுப் பேனல் ஒன்றுகூட வாங்காமல் உங்கள் உற்பத்தி கூடுவது இங்கேதான். லித்தியம் ஏற்றி இறக்குவதில் இழப்பும் குறைவு. ஈய அமிலத்தில் ஏற்றிய 100-ல் 80, 85 திரும்பி வரும், இதில் 95 வரை வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து எலெக்ட்ரீஷியனிடம் வாசித்துக் காட்டுங்கள். ஹைபிரிட் இன்வெர்ட்டருக்கு அதிக வோல்ட் வேண்டும், எனவே 10 பேனலையும் வேறு விதமாகக் கட்ட வேண்டும். ஐந்தைந்தாக இரண்டு வரிசை என்பது என் தேர்வு. பேனலுக்கு 45 வோல்ட் என்றால் ஐந்துக்கு 225, குளிர்ந்த காலையில் 240-ஐத் தாண்டலாம். இப்போது இருக்கும் பிரேக்கர், பியூஸ் எல்லாம் 90 வோல்ட்டுக்காகப் போட்டவையாக இருக்கும். டி.சி. கரண்டில் ஒருமுறை தீப்பொறி எழுந்தால் ஏ.சி. போல நொடிக்கு நூறுமுறை சுழியைத் தொடாது, தானாக அணையாது. 90 வோல்ட்டில் அணைத்த பிரேக்கர் 240-ல் உள்ளேயே எரிந்துபோகும். அவற்றை அந்த வோல்ட்டுக்கு உரிய டி.சி. பிரேக்கராக மாற்றியே ஆக வேண்டும், திடீரென எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் பாதுகாப்பும் புதிதாக வேண்டும். பத்தையும் ஒரே வரிசையாகக் கட்டலாமே என்பார்கள். 450 வோல்ட், குளிரில் 480. 500 வரை தாங்கும் இன்வெர்ட்டருக்கு அது விளிம்பு, எனக்குச் சம்மதமில்லை. ஐந்தைந்தான இரண்டு வரிசையும் ஒரே நுழைவில் சேர்ந்தால் 17 ஆம்ப் போல வரும், அந்த நுழைவு அதைத் தாங்குமா என்று தகவல் தாளில் பாருங்கள். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்ப் பாயும், பேட்டரிப் பக்கத்துக்கு அதைத் துண்டிக்கும் வலுவுள்ள டி.சி. பியூஸ் தேவை, சாதாரண பியூஸ் போதாது.

இன்னொன்று, இது பலரை ஏமாற்றியிருக்கிறது. புது வகை இன்வெர்ட்டர் காலையில் கிளம்பும் முன், பேனலுக்கும் எர்த்துக்கும் இடையே கசிவு இருக்கிறதா என்று தானே பார்க்கும். பழைய கன்ட்ரோலர் பார்த்ததே இல்லை. பின்தாள் வெடித்த ஒரே ஒரு பேனல் பனி ஈரத்தில் கசிந்தால், புத்தம் புது இன்வெர்ட்டர் எட்டரை மணி வரை கிளம்பாமல் கோளாறு என்று காட்டி நிற்கும். இன்வெர்ட்டரில் குறை என்று சண்டை நடக்கும். ஆகவே வாங்குவதற்கு முன்பே மெகர் கருவியால் ஒவ்வொரு பேனலின் இன்சுலேஷனையும் ஈரம் உள்ள காலையில் அளக்கச் சொல்லுங்கள். இந்த அளவுள்ள நல்ல பேனல் 20 மெகா ஓமுக்கு மேல் காட்ட வேண்டும்.

550 வாட் பேனல் நான்கு? இப்போது வேண்டாம். எம்.பி.பி.டி. வந்தபின் உங்கள் பழைய பேனல்களே நல்ல நாளில் 9, 10 யூனிட் தரும், தேவை 8. ஒரு மழைக்காலத்தைக் கடந்து பாருங்கள். தொடர்ந்து மூன்று நான்கு நாள் மேகமாக இருந்து பேட்டரி நிறையாமல் திண்டாடினால் அப்போது பேனல் வாங்குங்கள். அந்தத் திண்டாட்டத்துக்கு மூன்றாவது பேட்டரி மருந்தல்ல, நிரப்ப ஆளில்லாத தொட்டியைப் பெரிதாக்கி என்ன பயன்? வாங்கும் நாளில் அவற்றைப் பழைய வரிசையில் கோக்கக் கூடாது. பழையது 8 ஆம்ப் சொச்சம், புதியது 13. தொடரில் கட்டினால் புதியதும் 8-க்கு இறங்கிவிடும். இன்வெர்ட்டரின் இரண்டாவது நுழைவு அதற்காகத்தான். தாங்குசட்டத்தையும் அப்போது பார்க்க வேண்டும், ஒரு புதுப் பேனல் இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல், பழையதைவிடக் காற்றை அதிகம் பிடிக்கும்.

பேட்டரியின் இடத்தை மாற்றுங்கள். மாடிப்படிக்குக் கீழ் எந்த பேட்டரியும் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏதாவது ஆகிவிட்டால் மாடியிலிருந்து அம்மா இறங்கி வர வேண்டிய வழி அது. வெயில் படாத, காற்று வரும் சுவர், படுக்கையறைக்கும் வாசலுக்கும் விலகி, பக்கத்தில் துணி மரம் எதுவும் இல்லாமல். லித்தியத்துக்கும் சூடு ஆகாது. குளிர்ப் பகுதியாக இருந்தால் 0 டிகிரிக்குக் கீழ் சார்ஜ் ஏற்றவே கூடாது. கழற்றும் பழைய பேட்டரிகளை, அங்கீகாரம் உள்ள மறுசுழற்சி செய்பவரிடம் நீரைக் கொட்டாமல் அப்படியே கொடுங்கள். அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மட்டும் எடுத்துப் போகிறவர்களிடம் கொடுக்காதீர்கள், அந்த ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும்.

இன்வெர்ட்டர் வாங்கும்போது லோடு இல்லாமல் சும்மா இருக்கையில் எத்தனை வாட் தின்கிறது என்றும் கேளுங்கள். 40 வாட் என்றாலே நாளுக்கு ஏறக்குறைய 1 யூனிட். உங்கள் ஃப்ரிட்ஜ் நாள் முழுதும் எடுக்கும் அளவுக்கு அது சமம்.

கடைசியாக, இதெல்லாம் நடந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். அதுவரை இன்சுலினுக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் உண்மையான கவலை. அளந்து பார்த்து எட்டில் நன்றாக உள்ள நான்கைத் தேர்ந்தெடுத்து ஒரே வரிசையாகக் கட்டுங்கள். எல்லாம் ஒரே செட் என்பதால் இதில் தவறில்லை. தளர்ந்தவை நல்லவற்றை உறிஞ்சுவது நிற்கும். ஆனால் 150 ஏ.ஹெச். ஒரே வரிசைக்கு 30 ஆம்புக்கு மேல் சார்ஜ் போகக் கூடாது, உங்கள் ஐந்து ஜோடியும் சேர்ந்து 40 தரும். இரண்டு ஜோடியின் பிரேக்கரை இறக்கி மூன்றை மட்டும் ஓடவிடுங்கள். லைன் கரண்டிலிருந்து ஏற்றும் அளவையும் இன்வெர்ட்டரில் குறைக்க முடிந்தால் குறைத்துவிடுங்கள். இரவில் ஃப்ரிட்ஜ், இரண்டு விளக்கு, அம்மா அறையின் மின்விசிறி மட்டும் இன்வெர்ட்டரில் இருக்கட்டும். மோட்டார், அயர்ன் பாக்ஸ், மிக்ஸி எல்லாம் பகலில். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி வரை வேண்டும். ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, காலையில் எழுந்ததும் பாருங்கள்.

எட்டு பேட்டரியின் ஓய்வு வோல்ட், 600 வாட் சோதனை ஓடிய மணி நேரம், இரண்டு வரிசையின் ஆம்ப், அலமாரியின் பிற்பகல் வெப்பம், பேனலின் நான்கு போட்டோ ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். இன்வெர்ட்டர் வாங்க முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அனுப்பினால் நல்லது. வரிசைகளின் ஆம்ப் வித்தியாசமாக வந்தால் அன்றே எழுதுங்கள், அந்த லக்கைச் சரிசெய்தால் இரவு பத்து மணி பன்னிரண்டாகக்கூட நீளலாம்.